இண்டி: யார் காசில் வந்த பாட்டு?

ராக் குழுக்களைப் பற்றிப் படிக்கும்போது ‘இண்டி’ என்ற அடைமொழி எங்கேயும் தட்டுப்படும். ‘இண்டிபெண்டன்ட்’ என்பதன் செல்லச் சுருக்கம் அது. இசைக்கு வருமுன்பே, பெரிய ஸ்டூடியோக்களைச் சேராத தயாரிப்பாளர்களை அமெரிக்கத் திரைத்தொழிலில் இப்படி அழைத்தார்கள். இசையில் இண்டி என்றால், பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பிடியில் இல்லாதவர்.

பிரிட்டனில் இதற்குப் பிள்ளையார் சுழி என்று பலரும் காட்டுவது, மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் வெளியிட்ட ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’. முழு ஆல்பம்கூட இல்லை, நாலே பாட்டு. தெரிந்தவர்களிடம் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, தாங்களே ஒரு லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) பெயரும் வைத்துக்கொண்டு, முதலில் 1,000 தட்டு போட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக், அதன்மேல் கிட்டார் சேர்த்துப் பதிந்தார்களா என்பதெல்லாம் அட்டையிலேயே இருக்கும். ‘பிரேக்டவுன்’ பாட்டுக்கு: மூன்றாவது டேக், மேல்பதிவு இல்லை. ‘இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை, நீயும் செய்யலாம்’ என்று ரசிகனிடம் சொல்கிற அட்டை. இண்டி என்பதற்கு அகராதி தருகிற பொருளைவிட இது தெளிவு.

1980இல் அங்கே இண்டி விற்பனைப் பட்டியலே தொடங்கிவிட்டது. பெரிய நிறுவனங்களின் விநியோக வலை வழியாகப் போகாத தட்டுகளுக்கு அதில் இடம். பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பது கணக்கிலேயே இல்லை. அதனால்தான் அசல் பாப் பாடகியான கைலி மினோக்கின் தட்டுகளும் அதில் ஏறின. கிட்டார் குழுக்களின் ரசிகர்களுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். ஏனென்றால் அவர்கள் வாயில் இண்டி அதற்குள் ஓர் ஒலிப்பாணியின் பெயராகியிருந்தது.

இந்த இரண்டு பொருளும் இன்றுவரை ஒட்டவில்லை. ஓயாசிஸ் குழுவின் முதல் ஆல்பம் 1994இல் வந்தபோது, அதை வெளியிட்ட கிரியேஷன் லேபிளில் 49 சதவீதம் பெரிய நிறுவனமான சோனி கையில் இருந்தது. ஆனாலும் அதை இண்டி ராக் என்றே சொன்னார்கள். ஷெஃபீல்டின் ஆர்க்டிக் மங்கீஸ் கதை வேறு. கச்சேரிக்கு வந்தவர்களுக்கு டெமோ சிடிக்களை இலவசமாகக் கொடுத்துப் பெயர் வாங்கியவர்கள், டோமினோ என்ற உண்மையான தனி லேபிளில் 2006 ஜனவரியில் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. இண்டி என்றால் சிறியது என்ற எண்ணம் அங்கே அடிபட்டுப்போனது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சுயாதீன இசை’ ஓரளவு நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழருக்குச் ‘சுயாதீன ஆணைக்குழு’ என்று பழகிய சொல்தான். சுய, அதீனம் இரண்டும் வடமொழி. ‘சுயேச்சை இசை’ என்றால் டெபாசிட் இழந்த வேட்பாளர் ஞாபகம் வருகிறது. ‘தனியிசை’ அழகுதான், ஆனால் ஒருவர் மட்டும் பாடுவது என்று புரிந்துகொள்ள இடம் உண்டு. ஐந்து பேர் குழுவுக்கு அது பொருந்தாது. என் கட்சி ‘தற்சார்பு இசை’. வேளாண்மைப் பேச்சில் நன்றாகப் புழங்கிய சொல், சொந்த முதல், சொந்தப் பொறுப்பு என்ற கருத்தும் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இண்டி என்றால் பெரும்பாலும் சினிமாவுக்கு வெளியே உள்ள பாட்டு என்றுதான் பொருள்கொள்கிறார்கள். அதற்குத் ‘திரைசாரா இசை’ போதும். பெரிய நிறுவனம் காசு போட்டாலும் அது திரைசாரா இசைதான், தற்சார்பு இசை ஆகாது. ஒலிப்பாணியைச் சொல்லும்போது ஜாஸ், கஜல் போல ‘இண்டி ராக்’ என்றே விட்டுவிடலாம்.

அப்புறம், ‘டெபுட் ஆல்பம்’. சிலர் ‘அரங்கேற்ற ஆல்பம்’ என்று எழுதுகிறார்கள். அரங்கேற்றத்தில் குரு உண்டு, சபை உண்டு, அவர்கள் ஒப்புதல் உண்டு. யாரிடமும் ஒப்புதல் கேட்காமல் தட்டு போட்டவர்களுக்கு அந்தச் சொல் எதற்கு? ‘இசைத்தொகுப்பு’ என்றால் பழைய பாட்டுகளைத் திரட்டிப் போட்டது போலவும் தொனிக்கும். ‘முதல் ஆல்பம்’ என்றாலே எல்லாருக்கும் புரிகிறது.