அலாரம் நின்றுவிட்டால் பழுது போய்விட்டதா?

"புது சென்சார் போட்டதும்தான் சார் அலாரம் அடிக்குது. பழசையே மாட்டிட்டோம், இப்ப சரியாயிடுச்சு." தொழிற்சாலையில் இந்த வாரமும் இதே வசனம்தான். சரியாகவில்லை. இரண்டு பழுதுகள் மறுபடி ஒன்றையொன்று மறைக்கத் தொடங்கியிருக்கின்றன.

விஷயம் இதுதான். சூடேற்றும் லைன் ஒன்றில், திரையில் வெப்பநிலை செட் பாயின்ட்டை (நாம் வைத்த இலக்கு அளவை) விட்டு அசையவில்லை. வெளியே வரும் சரக்கோ தரச் சோதனையில் தேறவில்லை. இரண்டு கம்பி பி.டி.100 சென்சார், மின்தடை ஏறுவதை வைத்து வெப்பநிலையைச் சொல்வது. அதன் தலையில் கம்பி மாட்டும் டெர்மினல் களிம்பேறி 2 ஓம் அளவுக்குத் தடை கூடியிருந்தது. டிகிரிக்கு 0.385 ஓம் என்று கணக்குப் போட்டால், உள்ளதைவிட 5 டிகிரி கூட்டிக் காட்டும். அதே லைனில் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (நீராவியின் சூட்டைச் சரக்குக்குக் கடத்தும் கருவியில்) படிவு ஏறி, ஸ்டீம் வால்வு 96 சதவீதம் திறந்து திணறிக்கொண்டிருந்தது. புது சென்சார் உண்மையைக் காட்டியதும் வால்வு முழுக்கத் திறந்தது, அப்படியும் சூடு எட்டவில்லை, அலாரம் அடித்தது. உண்மை சொன்ன சென்சாரைக் கழற்றிவிட்டார்கள்!

"ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி சார் போகும்?" என்று கேட்காத ஆளில்லை. ஒரே நேரத்தில் போகவில்லை ஐயா. படிவு பல மாதமாக ஏறியது, களிம்பும் மெல்லத்தான் பிடித்தது. நம் கண்ணில் பட்டதுதான் ஒரே நாளில். குறை எங்கே இருந்தாலும் ஈடுகட்டி, திரையில் எண்ணைச் சரியாக நிறுத்துவதுதானே வால்வை இயக்கும் கன்ட்ரோலரின் வேலை? வால்வு முழுக்கத் திறக்கும்வரை அது புகார் சொல்லாது. அதனால் வெப்பநிலை டிரெண்டை (கால வரைபடத்தை) மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், கன்ட்ரோலர் அவுட்புட் (வால்வை எவ்வளவு திறக்கச் சொல்கிறது என்ற அளவு) டிரெண்டையும் பாருங்கள். மாதக்கணக்கில் மேலே ஏறும் அவுட்புட் ஒரு பழுதின் வாக்குமூலம். (பழுது அறிக்கைப் படிவத்தில் 'மூல காரணம்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

மறைந்திருக்கும் பழுது எங்கே கொண்டு விடும் என்பதற்கு ஓர் உதாரணம். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில், 912-ஆம் டேங்கில் பெட்ரோல் மட்டத்தைக் காட்டும் லெவல் கேஜ் ஒரே அளவில் சிக்கி நின்றது. அது ஏமாற்றினால் காப்பாற்ற வேண்டிய தனி உயர்மட்ட ஸ்விட்ச் ஏற்கெனவே செயலற்றுக் கிடந்தது. பெட்ரோல் வழிந்து வெடித்தது. ஸ்விட்ச் வேலை செய்யாததைத் தினசரி ஓட்டத்தில் யாரும் உணர வழியில்லை, சோதித்தால்தான் தெரியும். பாதுகாப்புச் சாதனம் எல்லாமே அப்படித்தான்.

ரீசெட்டை அமுக்குமுன் அலாரம் பட்டியலைப் படமெடுத்து வையுங்கள். எது முதலில் வந்தது என்று நேரத்தை வைத்து முடிவு செய்யுமுன், பி.எல்.சி.களின் (இயந்திரங்களை இயக்கும் கணினிகளின்) கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். பல சென்சார்கள் ஒன்றாகப் பிதற்றினால் முதலில் அவற்றுக்கு மின்சாரம் தரும் 24 வோல்ட் சப்ளையை லோடோடு, அதாவது எல்லாம் ஓடும்போதே, அளந்து பாருங்கள், அது ஒரே பழுதாகவும் இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். கழற்றிய பாகத்தைத் தனியாகச் சோதியுங்கள். கெட்டது என்று தெரிந்தால், லைன் ஓடாவிட்டாலும் திரும்ப மாட்டாதீர்கள்.

இன்டர்லாக்கில் (ஆபத்தில் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்பு இணைப்பில்) ஜம்பர் போட்டு, அதாவது ஒரு கம்பியால் இணைத்து, அதை முடக்கியே ஆகவேண்டும் என்று மேலிருந்து நெருக்கினால், அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். போட்டவர் பெயரும் எடுக்க வேண்டிய தேதியும் எழுதிய அட்டையை அந்தக் கம்பியிலேயே கட்டுங்கள். அடுத்த ஷிஃப்டில் பேனலைத் திறப்பவருக்கு அங்கே ஒரு கம்பி இருப்பதாவது தெரியட்டும், தயவுசெய்து.