கேமரா பார்க்காத சுவர்

வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் நின்று, கட்டைவிரலை முகத்துக்கு நேரே இரண்டடி தள்ளி நீட்டிப் பிடியுங்கள். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். விரல் அசையவே இல்லை, ஆனாலும் எதிர்ச்சுவரில் ஒரு கல்லிலிருந்து வேறொரு கல்லுக்குத் தாவிவிடும். சுவர் 100 அடி தூரத்தில் இருந்தால் அந்தத் தாவல் சுமார் 10 அடி. நம் கண்களுக்கு நடுவே இருக்கும் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி செய்கிற வேலை இது. எது பக்கம், எது தூரம் என்று மூளை கண்டுபிடிக்க இந்த வித்தியாசம் பெரிய துணை.

சாதாரண சினிமா கேமராவுக்கு ஒற்றைக் கண்தான். 2டி படத்தை 3டி ஆக்கும் ஸ்டூடியோவில், இல்லாத அந்த இரண்டாவது கண்ணின் படத்தைத்தான் பிரேம் பிரேமாக உண்டாக்குகிறார்கள். 2007-ல் வந்த 'சிவாஜி' 2012-ல் 3டியாகத் திரும்பி வந்தது இப்படித்தான்.

அதே கரையில் மல்லிகைப்பூ வைத்த ஒரு பெண் நடந்து போகிறாள், அவளுக்குப் பின்னால் அகழி, அதற்கும் பின்னால் சுவர் என்று ஒரு ஷாட் வைத்துக்கொள்வோம். ஐந்து விநாடிக்கு 120 பிரேம். முதலில் ரோட்டோ: ஆள், கூந்தல், தண்ணீர், சுவர் ஒவ்வொன்றையும் கோடு போட்டுத் தனித்தனியாகப் பிரிப்பார்கள். சில பிரேம்களில் வரைந்தால் நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்பிவிடும். முந்தானை பறக்கும் இடத்தில் அது தடுமாறும். ஆள்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

அடுத்தது டெப்த் மேப். இது ஒரு கருப்பு-வெள்ளைப் படம். வழக்கமாகப் பக்கத்தில் இருப்பது வெளுப்பு, தூரத்தில் இருப்பது கருப்பு. ஆள் முழுக்க ஒரே சாம்பல் பூசினால் அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல இருக்கும். மூக்கு நுனிக்கு ஒரு வெளுப்பு, கன்னத்துக்குக் கொஞ்சம் மங்கல், காதுக்கு இன்னும் மங்கல் வேண்டும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைத் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்தான், ஆனால் குளம்பு, மார்பு, தூண் என ஒவ்வொன்றும் ஒரு தூரம்.

இந்த மேப்பை வைத்துப் பிக்சல்களை இடமும் வலமுமாக நகர்த்துகிறார்கள். நகர்த்திய உடனே அந்தப் பெண்ணின் தோளோரம் ஒரு ஓட்டை விழும். தோளுக்குப் பின்னால் இருந்த சுவரைக் கேமரா பார்க்கவே இல்லை. இரண்டாவது கண் இருந்திருந்தால் பார்த்திருக்கும். அந்தச் சுவரை யாராவது வரைந்தாக வேண்டும். அவள் கடந்து போன பிறகு வரும் பிரேமில் அதே கல் கிடைத்தால் அதை எடுத்து ஒட்டலாம். கிடைக்காவிட்டால் கல் கல்லாக வரைய வேண்டியதுதான். பிரேமுக்குப் பிரேம் மாறினால் ஓரமெல்லாம் கொதிப்பதுபோல நெளியும். காற்றில் பிரிந்த முடிக்கு நடுவே தெரியும் சுவருக்கும் இதே கதிதான். மொத்த வேலையின் உயிர் இந்தப் பெயிண்ட் வேலையில்தான் இருக்கிறது என்பேன்.

அகழித் தண்ணீர் வேறு வகைச் சோதனை. மிதக்கும் இலை நீர்மட்டத்தில் இருக்கிறது. சுவரின் பிம்பம் அங்கே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நம் முகம் தெரிவதுபோல, அது நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருப்பதாகத்தான் இரு கண்களும் பார்க்கும். அதனால் இலைக்கு ஓர் ஆழம், பிம்பத்துக்கு வேறோர் ஆழம். இரண்டையும் ஒன்றாக வைத்தால் தண்ணீர், சுவர்ப் படம் அச்சடித்த பாய்போலத் தட்டையாகிவிடும்.

எவ்வளவு நகர்த்தலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. 10 மீட்டர் அகலத் திரையில் 2048 பிக்சல் அகலப் படம் ஓடினால், 13 பிக்சல் என்பது சுமார் ஆறரை சென்டிமீட்டர், அதாவது நம் கண்களின் இடைவெளி. இடக்கண் படத்தைவிட வலக்கண் படம் வலப்புறம் அவ்வளவு தள்ளி இருந்தால் அந்தப் பொருள் வானத்தளவு தூரத்தில் தெரியும். அதைத் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கமாக விலக வேண்டிவரும், தலை வலிக்கும். அதே 13 பிக்சல் ஒரு மீட்டர் அகல டிவியில் ஆறரை மில்லிமீட்டர்தான்; ஆழம் குறைந்து அகழி வாய்க்காலாகிவிடும். டிவிக்கென்று நகர்வைக் கூட்டலாம். கூட்டினால் தோளோரத்து ஓட்டையும் அகலும், பெயிண்ட் செய்பவர் மறுபடி அந்தச் சுவரை வரைய உட்கார வேண்டும்.