பேஜினேஷன்: எண்ணிடலா, பகுப்பா?

ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏட்டின் இடது ஓரத்தில், பாட்டோடு ஒட்டாமல், ஓர் எண் தனியாகக் கீறப்பட்டிருக்கும். பன்னிரண்டாம் ஏடு என்றால் ௰௨. கயிறு அறுந்து கட்டு குலைந்தாலும், தான் எந்த ஏட்டுக்குப் பின் வரவேண்டும் என்பதை அந்த ஏடே சொல்லிவிடும். பாட்டுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. பாட்டு இருக்கும் இடத்தை மட்டும்தான் அது சொல்கிறது. இன்று ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) எழுதுகிறவர்கள் ‘பேஜினேஷன் டேட்டா’ என்பது ஏறக்குறைய இதைத்தான். ஏபிஐயில் கயிறு கிடையாது என்பது ஒன்றே வித்தியாசம். நீண்ட பட்டியலைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கும்போது, ஒவ்வொரு பதிலும் உதிரி ஏடாகவே வந்து சேர்கிறது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘பாகினா’ என்றால் பேப்பிரஸ் சுருளில் எழுதிய ஒரு பத்தி. திராட்சைக் கொடிகளை வரிசையாக நட்டுக் கட்டிய அமைப்புக்கும் ரோமானியர் அதே சொல்லை வைத்திருந்தார்கள். நட்டு நிறுத்துதல், பிணைத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த சொல் என்பதால் இரண்டுக்கும் பொருந்திப்போனது. அதிலிருந்து ஆங்கிலத்தின் ‘பேஜ்’ வந்தது. ‘பேஜினேஷன்’ என்றால் முதலில் புத்தகப் பக்கங்களுக்கு எண் போடுவது. பிறகு நீண்ட உரையைப் பக்கம் பக்கமாக வெட்டுவதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளை. எண் போடுவதும் வெட்டுவதும் வேறு வேறு வேலைகள். தமிழாக்கத்தில் வரும் குழப்பம் முழுதும் இங்கிருந்துதான்.

நம் ‘பக்கம்’ எங்கிருந்து வந்தது? வடமொழிப் ‘பட்சம்’ (சிறகு, புறம், வளர்பிறை தேய்பிறை என்னும் மாதப் பாதி) தமிழில் இப்படித் திரிந்தது என்பார் ஒரு சாரார். ‘பகு’ என்னும் வேரிலிருந்து வந்த தமிழ்ச்சொல்லே என்பார் மறு சாரார். வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. தொல்காப்பியம் புறத்திணையியலில் ‘பார்ப்பனப் பக்கம்’, ‘அரசர் பக்கம்’ என்று வருகிறது. அங்கே அதற்குக் கூறு, பிரிவு என்று பொருள். ஆக, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நமக்கு வேண்டிய பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது.

புழக்கத்தில் உள்ள தமிழாக்கங்களைப் பார்ப்போம். ‘பக்க எண்ணிடல்’ புத்தகத்துக்குச் சரி, ஏபிஐக்குத் தவறு. எண்ணே இல்லாத பேஜினேஷனும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ‘பக்கமிடல்’ என்றால் எதையோ பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதுபோல் ஒலிக்கிறது. ‘பக்கமாக்கம்’ அச்சகத்தில் பக்கம் அமைக்கும் வேலையை நினைவூட்டுகிறது. ‘பக்கப்பகுப்பு’ நாவில் கொஞ்சம் இடறும்; ஆனாலும் வேலையைச் சரியாகச் சொல்வது அதுதான். ஒரு பகுப்பில் எத்தனை உருப்படி என்பதற்குப் ‘பக்க அளவு’ போதும். பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்று கணக்கிட்டுப் பழகிய அச்சகத்தாருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரு நூலகப் பட்டியலில் 47 புத்தகங்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்க அளவு 20. மூன்றாம் பக்கத்தைக் கேட்டால் ஏழு புத்தகங்கள் வரும். வெறும் ஏழை மட்டும் அனுப்பினால், பட்டியலே ஏழுதான் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்ளலாம். அதனால் மொத்தம் 47, இது மூன்றாம் பக்கம், முந்தையது இன்ன முகவரியில், அடுத்தது இல்லை என்ற செய்தியும் கூடவே போகவேண்டும். இந்தச் செய்திக்கு ‘பகுப்புத் தகவல்’ என்று பெயரிடுகிறேன்.

அதை எங்கே எழுதுவது என்பதில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஏபிஐ கட்ட உதவும் ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் பதிலுக்குள்ளேயே வைக்கிறது: கவுன்ட், நெக்ஸ்ட், பிரீவியஸ், ரிசல்ட்ஸ் என்று நான்கு அறைகள், நான்காவது அறையில்தான் சரக்கு. நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப், பதிலின் தலைப்புப் பகுதியில், ‘லிங்க்’ என்ற ஹெடரில் (சரக்கோடு கலக்காமல் தனியே வரும் குறிப்பு வரி), முதல், முந்தைய, அடுத்த, கடைசிப் பக்கங்களின் முகவரிகளைத் தருகிறது. இந்த ஹெடருக்கு 2010இல் ஆர்எஃப்சி 5988 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வந்தது. 2017இல் 8288 அதன் இடத்தைப் பிடித்தது. வேர்ட்பிரஸும் மொத்த எண்ணிக்கையையும் பக்க எண்ணிக்கையையும் ஹெடரில்தான் அனுப்புகிறது. ஹெடர் முறை சுவடியின் ஓரத்து எண்ணைப் போன்றது, பட்டியல் பட்டியலாகவே இருக்கும். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

பிடித்த முறையே ஒருமுறை என் அரைநாளைத் தின்றது. வந்துபோகும் பதில்களைக் காட்டும் பிரவுசரின் நெட்வொர்க் பலகத்தில் மொத்த எண்ணிக்கை கண்முன் நிற்கிறது. என் நிரலோ அப்படி ஒரு ஹெடரே இல்லை என்கிறது. வேறு டொமைனிலிருந்து வரும் பதிலில், சர்வர் ‘இதை வெளியே காட்டலாம்’ என்று பெயர் சொல்லி அனுமதிக்காத ஹெடரைப் பிரவுசர் நிரலுக்குக் கொடுக்காது. சர்வரில் ஒரு வரி சேர்த்ததும் எண் வந்தது. பதிலுக்குள் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பக்க எண்ணுக்கு வேறொரு நோய் உண்டு. புதிது முதலில் என்ற வரிசையில் முதல் பக்கத்தை வாங்கிவிட்டீர்கள். அடுத்ததைக் கேட்பதற்குள் மேலே ஒரு புத்தகம் சேர்கிறது. இருபதாவது இருபத்தொன்றாவதாக நகர்ந்து, இரண்டாம் பக்கத்தின் தலையில் மறுபடி வந்து நிற்கும். மாறாக, முன்பக்கத்திலிருந்து ஒன்று நீக்கப்பட்டால் ஒரு புத்தகம் உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். பக்க எண், நகரும் வரிசையை நகராதது என்று எண்ணிக்கொண்டு போட்ட எண்.

இதற்கு மருந்து ‘கர்சர்’. “இரண்டாம் பக்கம் கொடு” என்று கேட்காமல், “இந்தப் புத்தகத்துக்குப் பின் வருவதைக் கொடு” என்று கேட்பது. லத்தீனில் ‘கர்சர்’ என்றால் ஓடுகிறவர். கணக்குக் கோலின் (ஸ்லைடு ரூல்) மேல் நகரும் கண்ணாடிக்கு அந்தப் பெயர் இருந்தது, திரையில் துடிக்கும் கோட்டுக்கும் வந்தது. தமிழில் ‘சுட்டி’ என்கிறார்கள். ஆனால் சுட்டி ஏற்கெனவே மவுஸ், நிரலாளர்களின் பாயின்டர், சிலருக்கு இணைப்பு முகவரி. குறும்புக்காரக் குழந்தையும் சுட்டிதான். ஐந்தாவது சுமை வேண்டாம். ‘தொடர்குறி’ என்று சொல்லிப் பார்க்கிறேன்: எங்கிருந்து தொடரவேண்டும் என்பதற்கான குறி.

தமிழ் விக்கிப்பீடியாவின் ஏபிஐ, விக்கிகள் எல்லாவற்றையும் போலவே, இப்படித்தான் நடக்கிறது. எல்லாப் பக்கங்களின் பட்டியலையும் கேட்டால், அளவு சொல்லாவிட்டால் பத்து தலைப்புகள் வரும். சாதாரணப் பயனருக்கு அதிகபட்சம் 500. கூடவே ‘கன்டினியூ’ என்ற அறையில் ஒரு தொடர்குறி. அதை அடுத்த அழைப்பில் அப்படியே திருப்பித் தரவேண்டும். பக்க எண் என்ற பேச்சே இல்லை. விக்கியில் பக்கம் என்பதே உருப்படியின் பெயர் என்பதால் ‘பக்கப்பகுப்பு’ என்றால் பக்கங்களைப் பக்கங்களாகப் பகுப்பதாகிவிடும். அதோடு, விக்கியில் ‘பகுப்பு’ என்பதோ கட்டுரைகளை வகைப்படுத்தும் தலைப்பு. அங்கே ‘தொடர்குறி’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது நல்லது. மற்ற இடங்களில் பொதுப்பெயர் ‘பகுப்பு’. எண் இருந்தால் ‘பக்கப்பகுப்பு’, தொடர்குறி இருந்தால் ‘தொடர்பகுப்பு’.

இன்னொரு சொல் பாக்கி. சுவடி முடியும் இடத்தில் ‘முற்றும்’ என்றோ ‘முற்றிற்று’ என்றோ எழுதி வைப்பார்கள். ஏபிஐ அதை மௌனமாகச் சொல்கிறது. ஜாங்கோவில் ‘நெக்ஸ்ட்’ அறை வெறுமையாக வரும், கிட்ஹப்பின் ஹெடரில் அடுத்த முகவரி இருக்காது, விக்கியில் ‘கன்டினியூ’வே காணாமல் போகும். இது தெரியாத நிரல், காலிப் பட்டியல் ஒன்று கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்து, ஒவ்வொரு முறையும் ஓர் அழைப்பை வீணாக்குகிறது.