கோளாறு கையில் இல்லை

தண்டையார்பேட்டையில் பதினாறு ஆண்டுகளாகப் பிசியோதெரபி செய்துவருகிறேன். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்கும் ஒருவரை, வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறிய மூன்றாம் நாள், சென்ற வாரம் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை. இரண்டு நாளும் யாரோ எண்ணெய் காய்ச்சித் தேய்த்திருக்கிறார். மேல்கையில் புறா ரத்தம் காய்ந்து செதில் செதிலாக ஒட்டியிருந்தது. "கைல நரம்பு செத்துப் போச்சாம் டாக்டரம்மா, நாலு நாள் கரண்ட் வச்சா சரியாயிடும்ல?" என்றார் அவருடைய மனைவி. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் ஆறாவது ஆள். பார்த்தாலே பக்கவாதம் (ஸ்ட்ரோக்) என்று தெரிந்தது; படுக்கவே வைக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டேன்.

நரம்பு என்ற சொல்லை நாம் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. புறங்கையில் பச்சையாகப் புடைத்திருப்பதும் நமக்கு நரம்பு, நர்ஸ் ஊசி ஏற்றுவதும் நரம்பில், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் நரம்பு இழுக்கிறது, கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி. பச்சையாகத் தெரிவது இரத்தக் குழாய். குளுக்கோஸ் ஏறுவதும் அதில்தான். கெண்டைக்காலில் பிடிப்பது தசை. முழங்கையின் உட்புறத்தைக் கதவில் இடித்துக்கொண்டபோது சுண்டுவிரல் வரை ஷாக் அடித்ததே, அங்கே எலும்பை ஒட்டி ஓடுவதுதான் நரம்பு. அது இரத்தம் ஓடும் குழாய் அல்ல; ஆகவே தேய்த்து அதில் இரத்தம் ஏற்றுவதும் இல்லை, உருவி அடைப்பு எடுப்பதும் இல்லை.

மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் கிளம்புகின்றன. முகத்துக்கானது மூளையின் அடியிலிருந்தும், கைக்கானவை கழுத்திலிருந்தும், காலுக்கானவை இடுப்பிலிருந்தும் வெளிவருகின்றன. வாயையும் கையையும் காலையும் சேர்த்து இயக்கும் ஒற்றை நரம்பு உடலில் எங்கும் கிடையாது. அப்படியிருக்க மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாக விழுகின்றன என்றால், மூன்றுக்கும் கட்டளை பிறக்கும் மூளையில்தான் தேட வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் பெரும்பாலும் மூளையின் இடப்பாதியில். கையைத் தேய்ப்பது, தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்திருக்கும்போது வீட்டு பல்பைக் கழற்றித் துடைப்பதற்குச் சமம்.

வாய் மட்டும் கோணி, அதே பக்கத்து நெற்றியையும் சுருக்க முடியாவிட்டால் அது பெரும்பாலும் முகநரம்பு வாதம். நெற்றி நன்றாகச் சுருங்கினால்தான், கோளாறு மூளையில் இருக்குமோ என்று எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். இதை மருத்துவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் வீட்டில் சோதித்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

ஏனெனில் மூளை இரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் பொதுவாகப் போட்டாக வேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் பார்க்காமல் எவருக்கும் தெரியாது என்பதால், வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வாயு என்று நினைத்து சோடாவோ, தெம்புக்கென்று காபியோ ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும். அடுத்து வருவது பெரிதாக இருக்கலாம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் ஆட்டோவைத் தேடி அலையாமல் 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் இல்லாத சின்னக் கிளினிக்குகளில் ஏறி இறங்காதீர்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போடலாமா என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவுசெய்வார். அந்த அம்மாவிடம் நேரம் கேட்டபோது, "விடியக்காலம் போட் வந்தப்போ" என்று மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது.