பகா எண்: பகுபதம் படித்தவர்களுக்குப் புரியும் கணக்குச் சொல்

2147483647. நம் வழக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரண்டை 31 தடவை போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு முகம் தெரிந்த எண்தான், கூட்டல் கழித்தல் குறியோடு 32 பிட்டில் (0, 1 என்ற 32 இலக்கங்களில்) கணினி வைத்துக்கொள்ளும் முழு எண்ணின் உச்சம் இதுவே. இவ்வளவு பெரிய எண்ணை 1-ஐயும் இதையும் தவிர வேறு எந்த முழு எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. ஆங்கிலத்தில் பிரைம் நம்பர். தமிழில் பகா எண்.

பிரைம் என்ற சொல் லத்தீனின் 'பிரைமஸ்', அதாவது 'முதல்' என்பதிலிருந்து வந்தது. யூக்ளிட் காலத்துக் கிரேக்கத்திலும் 'முதல் எண்' என்றுதான் பெயர். மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கித்தான் உருவாகின்றன என்பதால் பொருத்தமான பெயர்தான். இலங்கைப் பாடநூல்களில் வரும் 'முதன்மை எண்' இந்த வழியில் பிறந்தது.

பகா எண் வேறு பக்கமிருந்து வருகிறது. 'பகு' என்றால் பிரி, கூறாக்கு. 'பகாத' என்பதன் ஈறு கெட்டால் 'பகா', பொய்யா, வாடா போல. நன்னூல் சொற்களையே பகுபதம், பகாப்பதம் என்று பிரிக்கிறது: 'உண்டான்' பகுதி, விகுதி என்று பிரியும், 'மண்' பிரியாது. பள்ளியில் தமிழ் ஐயா நடத்திய அதே இணை கணக்கு வகுப்பில் பகு எண் (சிறிய எண்களின் பெருக்கலாகப் பிரிவது), பகா எண் என்று வந்து நிற்கிறது, எனக்கு இது பெரிய சந்தோஷம். 'பிரைம்' என்று கேட்டால் ஏன் என்று விளக்க வேண்டும், 'பகா' என்றால் சொல்லே விளக்கிவிடுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. 1-ஐயும் பகுக்க முடியாதே, அது பகா எண்ணா? இல்லை. சேர்த்துக்கொண்டால் 6-ஐ 2×3 என்றும் 1×2×3 என்றும் எழுதலாம், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு பகாக் காரணிப் பிரிப்பு என்ற அழகான தேற்றம் உடைந்துவிடும். அதனால் 1 பகுவும் அல்ல, பகாவும் அல்ல.

சரி, நம் பெரிய எண் பகாது என்று எப்படித் தெரியும்? வர்க்கமூலம் 46,340 சொச்சம், அதுவரை சோதித்தால் போதும்; அதைவிடப் பெரிய காரணி இருந்தால் அதன் இணை இதற்குள்ளேயே சிக்கிவிடும். கணித மேதை ஆய்லர் அதையும் சுருக்கினார். இதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வரும் என்று காட்டி, அதிகபட்சம் 372 வகுத்தல்களில் அடக்கி, 1772 வாக்கில் கையாலேயே கணக்கிட்டு நிறுவிவிட்டார்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பகா எண்ணில் ஒற்று வராது, பகாக் காரணியில் 'க்' கட்டாயம் வரும். இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாவிட்டால் அவை சார்பகா எண்கள். 8-உம் 15-உம் தனித்தனியே பகு எண்கள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று சார்பகா.