விளம்பரம் விற்றதா, தீபாவளி விற்றதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலாத் தூளைக் கோபுரமாகக் குவித்து, காரம் கூடியதற்கு 'மாமியார் ஒழிப்பான்' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் அட்டை குத்தியிருப்பார்கள். சிரித்துக்கொண்டே நிற்கிறவரைக் கடைக்காரர் நேரில் பார்க்கிறார். ஃபேஸ்புக் விளம்பரத்தில் காசு போட்டால் அந்த வசதி இல்லை.

எனக்குத் தெரிந்த மசாலாக் கடை ஆன்ட்டி ஒருவர் தீபாவளிக்கு அப்படிப் போட்டுவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். 'விளம்பரத்தால் வந்த ஆர்டர்' என்று ஒரு பெரிய எண். "விளம்பரம் போடாட்டி இவங்க வந்திருக்க மாட்டாங்களா, தம்பி?"

சரியான கேள்வி. நாம் திரையைத் தள்ளத் தள்ள, ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் நொடிக்குள் ஏலம் நடக்கிறது. அதிகம் கேட்டவர்தான் ஜெயிப்பார் என்றில்லை. ஒரு ஆர்டருக்கு எவ்வளவு தருவீர்கள் என்பதை, இந்த ஆள் ஆர்டர் செய்யும் வாய்ப்பால் பெருக்கி, விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தரத்தை விட்டுவிடுவோம். 100 ராண்ட் (தென்னாப்பிரிக்கப் பணம்) தரும் பெரிய கடைக்கு வாய்ப்பு 1 சதவீதம் என்றால் மதிப்பு 1 ராண்ட். 40 ராண்ட் தரும் ஆன்ட்டிக்கு 4 சதவீதம் என்றால் 1.60 ராண்ட். இடம் ஆன்ட்டிக்கு.

வில்லங்கமும் இங்கேதான். வாங்க வாய்ப்புள்ளவரை இயந்திரம் தேடிப் பிடிக்கிறது. அவர் எப்படியும் வாங்க இருந்தவராகவும் இருக்கலாம். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் வழக்கமான அமைப்பில், தட்டியவர் 7 நாளுக்குள் வாங்கினாலும், சும்மா பார்த்தவர் ஒரு நாளுக்குள் வாங்கினாலும் பெருமை விளம்பரத்துக்கு. இணையச் சந்தையான ஈபே ஒருமுறை, தேடுபொறியில் தன் பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிவந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. ஏறக்குறைய எல்லோரும் இலவச இணைப்பைத் தட்டி வந்து சேர்ந்தார்கள்!

அப்படியானால் எப்படி அளப்பது? விளம்பரம் காட்டாத ஒரு கூட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும், மருந்துச் சோதனை மாதிரி. டர்பனின் இரண்டு பகுதிகளை எடுத்துக்கொள்வோம்: சாட்ஸ்வர்த்தில் காட்டு, ஃபீனிக்ஸில் காட்டாதே. இரண்டிலும் சாதாரண மாதத்தில் 150 ஆர்டர் என்று வையுங்கள். தீபாவளி மாதம் ஃபீனிக்ஸில் 245, சாட்ஸ்வர்த்தில் 285. 'விளம்பரத்தால் வந்த ஆர்டர்' 120 என்று ஃபேஸ்புக் காட்டினாலும் விளம்பரம் கொண்டுவந்தது சுமார் 40தான். செலவு 3,000 ராண்ட் என்றால் ஆர்டருக்கு 25 இல்லை, 75. ஆர்டருக்கு 60 ராண்ட் லாபம் பார்க்கும் கடைக்கு இது நஷ்டம். ஆனால் புதிதாக வந்தவர்களில் பாதிப்பேர் இன்னொரு தடவை வந்தாலே கணக்குத் திரும்பிவிடும். அதனால்தான் விவரமான கடைகள் முதல் விற்பனையை விட்டுவிட்டு, ஒரு வாடிக்கையாளர் வருஷக்கணக்கில் தரும் லாபத்தை வைத்துச் செலவை முடிவு செய்கின்றன. சின்னக் கடையில் இன்னொரு சிக்கல்: 40 ஆர்டர் வித்தியாசம் ஒரு கல்யாண வீட்டாலும் வரும். ஒரு மாதத்தை வைத்து முடிவு கட்ட முடியாது.

ஆன்ட்டி இப்போது கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவரிடம் கடை எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதுகிறார். முதல் பக்கம் முழுக்க ஒரே பதில்: "அம்மா இங்கதான் வாங்குவாங்க."