தொட்டிக்குள் மூச்சுவிடும் வேர்

ஆர்க்கிட் வாடினால் பலர் பெரிய தொட்டியாக எடுத்து, நல்ல மண்ணை நிரப்பி நடுகிறார்கள். சில வாரங்களில் இலை தொங்கும். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றுவார்கள். அதோடு செடி போய்விடும்.

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் ஆர்க்கிட் வகையான ஃபலனாப்சிஸ், காட்டில் மரக்கிளையைப் பற்றி வாழும் செடி. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது, உட்கார இடம் மட்டும் போதும். மழையில் வேர் நனையும், மழை விட்டதும் காற்றில் காயும். இதற்கென்றே வேரைச் சுற்றி வெலமன் என்ற உறை இருக்கிறது. உயிர் போய்க் காலியான செல்களால் ஆன பஞ்சு அது. காய்ந்த வேரைப் பாருங்கள், வெள்ளி பூசியது போல இருக்கும். காலி செல்களில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்த இடம் மட்டும் பச்சையாகிவிடும். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்ததும் உறை ஒளியை ஊடுருவ விடுகிறது, உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது. ஆமாம், இந்த வேர் ஒளிச்சேர்க்கையும் செய்யும்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

சரி, தொட்டியை ஏன் மாற்ற வேண்டும்? இந்தச் செடியை மண்ணில் அல்ல, காற்று புகும் மரப்பட்டைத் துண்டுகளில்தான் நடுவார்கள். அந்தத் துண்டுகள் மெல்ல மட்கித் தூளாகின்றன. இடைவெளிகள் அடைபட்டு அங்கே நீர் தங்குகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. உறிஞ்ச வேர் இல்லாததால்தான், தண்ணீர் இருந்தும் இலை வாடுகிறது.

அதனால் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பூ உதிர்ந்து புது வேர்நுனி எட்டிப் பார்க்கும் சமயத்தில் மாற்றுங்கள். பழைய பட்டையை உதறிவிட்டு ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர். கொழகொழவென்று இருந்து, இழுத்ததும் உறை கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் வெட்டிவிடலாம். கத்தரிக்கோலை முதலில் தீயில் காட்டுங்கள். வெட்டிய செடியின் சாறு வழியாக வைரஸ் அடுத்த செடிக்குப் பரவும்.

அப்புறம், வேர்கள் கொள்கிற அளவு தொட்டியே போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி லேசில் காயாது. புதுப் பட்டைத் துண்டுகளை வேர்களுக்கு நடுவே தளர்வாகப் போடுங்கள், அமுக்க வேண்டாம்.